முந்தி வந்தவர் யார்? மொரீஷியஸ் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 4, திங்கள் – போர்ட் லூயிஸ்

தமிழிலும் பிரெஞ்சிலும் க்ரியோலிலும் எழுதுகிற சிலரைக் கண்டு பேசிவிட்டு வரலாம் என்றுதான் புதுச்சேரியிலிருந்து புறப்பட்டேன். எழுத்தாளர்களைத் தேடிப் போகிறவனுக்குப் புத்தகப் பேச்சுத்தான் கிடைக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். இங்கே யாரோடு பேசத் தொடங்கினாலும் பேச்சு சிறிது நேரத்தில் கப்பலுக்குப் போகிறது, அங்கிருந்து மரத்துக்கும் பறவைக்கும் தாவுகிறது, பிறகு யார் முந்தி வந்தவர் என்ற வழக்கில் வந்து நின்றுவிடுகிறது. வீட்டுக்குள் பேசியதற்குப் பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால், நான் சந்தித்த எவருடைய பெயரையும் இங்கே குறிக்கவில்லை.

முதல் சந்திப்பு, ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவரோடு. வயது எண்பதை நெருங்குகிறது. தமிழிலேயே கட்டுரைகள் எழுதுகிறார். பேசும்போதும் மேடைத் தமிழையே பேசுகிறார், ஏனெனில் வீட்டில் அவரோடு தமிழ் பேச ஆளில்லை. மத்தியச் சந்தையின் வாசலில் நிற்கச் சொல்லியிருந்தார். உள்ளே கீரைக்கட்டுகளும் சௌசௌவும் முருங்கையும் குவிந்துகிடந்தன. கறிவேப்பிலையைக் 'காரிபூலே' என்று கூவி விற்றார்கள். தால் பூரி ஒரு ஜோடி 25 ரூபாய். அவர்களுடைய ஒரு ரூபாய் நம்முடைய இரண்டு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. கடலைப்பருப்புப் பொடியை உள்ளே வைத்துத் தேய்த்த அந்த மெல்லிய பூரியில் மொச்சைக் குழம்பும் தக்காளித் தொக்கும் கொத்தமல்லித் துவையலும் தடவிச் சுருட்டித் தாளில் வைத்து நீட்டிய பெண், நான் காசை எண்ணி முடிக்கும்வரை பின்னால் இருந்தவரைப் பார்க்காமல் எனக்காகக் காத்திருந்தார். வரிசையில் யாரும் அவசரப்படுத்தவில்லை.

ஐயா தம் சட்டைப்பையிலிருந்து நூறு ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். அதில் இருப்பது ரெங்கநாதன் சீனிவாசன் என்ற தமிழரின் படம். தொகை முதலில் ஆங்கிலத்திலும் அடுத்துத் தமிழிலும் அதற்குப் பின் இந்தியிலும் எழுதப்பட்டிருக்கிறது. 1998இல் வெளியிட்ட புதிய நோட்டுகளில் இந்தி மேலேயும் தமிழ் கீழேயும் அச்சாகிவிட்டதால் தமிழர்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. 1999ஆம் ஆண்டிட்ட நோட்டுகளில் பழைய வரிசை மீண்டது. "நாம் முந்தி வந்தவர்கள், தம்பி. 1735இல் லபூர்தொனே ஆளுநராக வந்த பிறகு, இந்தத் துறைமுகத்தைக் கட்டக் கொத்தனார்களையும் தச்சர்களையும் எங்கிருந்து கூட்டி வந்தார்? உங்கள் புதுச்சேரியிலிருந்துதான்" என்றார் ஐயா. கரும்புத் தோட்டத்து ஒப்பந்தக் கூலிகள் வந்தது அதற்கு நூறு ஆண்டுகளுக்குப் பின்பு என்பதை அவர் விரலை மடக்கிக் கணக்கிட்டுச் சொன்னபோது, கட்டிக் காத்த சொத்துப் பத்திரத்தைப் படிப்பவரின் குரல் வந்துவிட்டது.

முந்தி என்பதை எங்கிருந்து எண்ணுவது என்று கேட்டேன். டச்சுக்காரர் 1598இல் கரையிறங்கியபோது இத்தீவில் மனிதரே இல்லை. அவர்கள் 1710இல் கைவிட்டுப் போனார்கள். பிரெஞ்சுக்காரர் 1715இல் வந்தார்கள். மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் நம் கொத்தனார்களுக்கு முன்னதாகவே இங்கே இருந்தார்கள். அவர்கள் வழியே பிறந்து, இன்று தீவு முழுவதும் பேசுகிற க்ரியோல் மொழி நோட்டில் எந்த வரியிலும் இல்லை. ஐயா மறுக்கவில்லை. "அதை நீங்கள் நாளைக்குப் பார்க்கப்போகிற அம்மாவிடம் கேளுங்கள், எனக்கும் அவருக்கும் இருபது ஆண்டுச் சண்டை அதுதான்" என்றார்.

மதியத்துக்குமேல் இருவரும் 'ஆப்ரவாசி காட்' என்ற படித்துறைக்கு நடந்தோம். 1849இல் கட்டிய குடியேற்றக் கிடங்கின் மிச்சம் அது. 2006இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. நுழைவுக் கட்டணம் இல்லை. கப்பலிலிருந்து இறங்கியவர்கள் ஏறிய கருங்கல் படிகள் இன்னும் இருக்கின்றன. ஐயா படிகளின் அருகே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். தம் முன்னோர் கொத்தனாராக வந்தவர் அல்லர், இந்தப் படியில் ஏறிய கூலிதான் என்று, சந்தையில் சொல்லாத செய்தியை அங்கே சொன்னார். வெளியே வந்ததும் அலூடா வாங்கிக் கொடுத்தார்; சப்ஜா விதையும் கடற்பாசித் துண்டும் மிதக்கும் குளிர்ந்த பால். இனிப்பு எனக்கு மிகுதி, அவருக்கோ போதவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய் – ரோஸ் ஹில்

மெட்ரோ வண்டியில் ரோஸ் ஹில் வந்தேன். நிலையத்தில் வழி கேட்ட பள்ளி மாணவன், வழி சொல்வதோடு நில்லாமல் தெருமுனைவரை கூடவே நடந்து வந்து, மஞ்சள் கதவு என்று காட்டிவிட்டுத் திரும்பினான்.

அம்மையார் நாவலாசிரியர்; தமிழ்க் குடும்பம்; எழுதுவது க்ரியோலில். அக்கம்பக்கத்தார் அவரைத் 'தாந்தீன்' என்று அத்தை முறை வைத்து அழைக்கிறார்கள். அவருடைய மாமியாருக்கு அன்று திதி. ஆகவே எனக்கு வாழையிலையில் ஏழு கறிச் சாப்பாடு வாய்த்தது: பச்சைப் பலாக்காய், வாழைக்காய், பூசணி, பருப்பு, கீரை என்று வரிசையாக வைத்து, அப்பளமும் 'ராசோன்' என்று அவர்கள் சொல்லும் ரசமும் பாயசமும் சேர்த்துப் பரிமாறினார்கள். புதுச்சேரியில் நாம் இன்று இடுகிற காரத்தைவிடக் குறைவு, புளியும் மல்லியும் கூடுதல். பரிமாறிய இளைஞர்களில் ஒருவருக்கும் தமிழ் பேச வராது. ஆனால் இலையின் நுனி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதில் அவர்களுக்குத் தடுமாற்றமே இல்லை.

சாப்பிட்ட பின் திண்ணைப் பேச்சு. ஐயாவின் நோட்டுக் கணக்கைச் சொன்னதும் சிரித்தார். "நோட்டில் இரண்டாம் இடத்துக்காக ஒரு நாட்டையே நிறுத்தினோம். அரசியல் சட்டத்தில் நம் இடம் என்னவென்று யாரும் கேட்கவில்லை" என்றார். மொரீஷியஸ் அரசியல் சட்டம் மக்களை இந்து, முஸ்லிம், சீன மொரீஷியர், பொது மக்கள் என்று நான்கு சமூகங்களாகப் பிரிக்கிறது. தேர்ந்தெடுக்கப்படுகிற 62 உறுப்பினர்களுக்கு மேல், சமூகச் சமநிலைக்காக எட்டு இடங்கள் வரை தோற்றவர்களில் சிறந்தவர்களுக்குத் தரப்படுகின்றன. அதற்காக வேட்பாளர் தம் சமூகத்தை அறிவிக்க வேண்டியிருந்தது. கணக்கிடப் பயன்படுவது 1972ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கு. அதற்குப் பிறகு எடுத்த கணக்குகளில் சமூகம் பற்றிய கேள்வியே இல்லை. அறிவிக்கும்படி வற்புறுத்துவது தவறு என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2012இல் கூறியது. அம்மையாரை உறுத்துவது வேறோர் இடம். பொது மக்கள் என்ற நான்காம் சமூகத்துக்குச் சட்டம் தரும் வரையறை, தம் வாழ்க்கை முறையால் மற்ற மூன்றில் எதிலும் சேராதவராகத் தோன்றுகிறவர் என்பதே. அடிமைகளின் வழிவந்தவர்களை, அவர்கள் எதுவாக இல்லையோ அதைக் கொண்டு பெயரிட்டிருக்கிறார்கள். "ஒரு பாத்திரத்தை அப்படி அறிமுகப்படுத்தினால் என் பதிப்பாளர் கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பிவிடுவார்" என்றார் அவர்.

மாலையில் ஒரு சிறிய மண்டபத்தில் வாசகர் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகள், சரியாக வேலை செய்யாத ஒலிவாங்கி, முப்பது பேருக்குள் கூட்டம். மேடையில் அம்மையாரும், பிரெஞ்சில் எழுதும் இன்னொரு நாவலாசிரியரும். பிரெஞ்சு எழுத்தாளர், கூலிகளின் வரலாற்றிலிருந்து கால் தொரபுல்லி என்ற மொரீஷியக் கவிஞர் உருவாக்கிய கருத்தைப் பற்றி நீண்ட நேரம் பேசினார். வேரைத் தேடிப் பின்னால் போவதைவிட, கடலின் நடுவே பலவும் சேர்ந்து உருவாகிற பவளத்தைக் குடிபெயர்ந்தவனின் அடையாளமாக அந்தக் கவிஞர் கொண்டார் என்பது அவர் விளக்கத்தின் சாரம். அழகான கருத்து என்று எல்லாரும் தலையசைத்தார்கள். எனக்கு அது சற்று வசதியான கருத்தாகவும் பட்டது, ஏனெனில் பவளத்தில் எவரும் எவருக்கும் கூலி கொடுப்பதில்லை.

கூட்டத்தைச் சூடாக்கியது ஒரு தாயின் கேள்வி. 2012 முதல் தொடக்கப் பள்ளிகளில் க்ரியோலும் பாடமாகிவிட்டது. ஆனால் தமிழ், இந்தி, தெலுங்கு, உருது முதலிய முன்னோர் மொழிகளோடு அதுவும் ஒரு விருப்பப் பாடமாக இருப்பதால் பிள்ளை ஏதேனும் ஒன்றைத்தான் எடுக்க முடியும். "என் மகன் க்ரியோல் எடுத்தால் நான் தமிழைக் கைவிட்டவள் என்று கோயிலில் சொல்கிறார்கள். தமிழ் எடுத்தால் வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரியாது. நான் என்ன செய்வது?" என்று அவர் கேட்டபோது மேடையில் இருந்த இருவரும் உடனே வாய் திறக்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு முதியவர், இரண்டையும் எடுக்கவிடாத அட்டவணையை மாற்றச் சொல்லுங்கள் என்று உரத்துச் சொன்னார். அன்று கேட்டவற்றில் செய்யத்தக்க யோசனை அது ஒன்றுதான். கூட்டம் முடிந்ததும் தேநீரோடு காத்தோ பிமா கொடுத்தார்கள். பெயர்தான் வேறு, நம் பருப்பு வடையேதான்.

ஆகஸ்ட் 6, புதன் – குர்பிப்

மழை. மேட்டு நிலத்தில் 550 மீட்டர் உயரத்தில் இருக்கிற இந்த ஊரில் காலை முதல் மாலைவரை தூறல் ஓயவில்லை. கடற்கரையில் வெயில் அடிக்கிறது என்று தங்கும் விடுதிப் பெண் தொலைபேசியைப் பார்த்துச் சொன்னார். வெப்பமண்டலத் தீவுக்கு வந்து கம்பளிச் சட்டை வாங்குவேன் என்று நினைக்கவில்லை. சந்தையில் 450 ரூபாய்க்குப் பழைய சட்டை ஒன்று கிடைத்தது. கடைக்காரர் ஈரக் குடையை வாங்கி வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டு, போகும்போது துடைத்துக் கொடுத்தார். மாலைச் சந்திப்பு சாலையில் தண்ணீர் நின்றதால் நடக்கவில்லை. வனிலா மணக்கும் தேநீரைக் குடித்துவிட்டுச் சீக்கிரமே படுத்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன் – பிளாக் ரிவர் பள்ளத்தாக்கு

வனத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின் காட்டைப் பற்றிக் கட்டுரைகள் எழுதுகிறவர் ஒருவர், தம் பழைய வாகனத்தில் அழைத்துப்போனார். ஆப்பிரிக்க வம்சாவளி, என்னோடு பிரெஞ்சில் பேசினார், தமிழ்த் திருவிழாவில் பாலகனாக இருந்தபோது நண்பர்களோடு தானும் காவடிக்குப் பின்னால் நடந்ததாகச் சொன்னார். வழியோரத்தில் ஒரு கிழவி, சீனக் கொய்யாப் பழங்களை மிளகாய் உப்புத் தூவிக் குவளையில் 50 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தார். புளிப்பும் உறைப்பும் சேர்ந்து நாக்கைப் பிடித்துக்கொண்டது. இரண்டாவது குவளையை நான் வாங்கியபோது எழுத்தாளர் முகத்தைச் சுளித்தார். காரணம் மேலே போனதும் தெரிந்தது.

1994இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இந்தப் பள்ளத்தாக்கு, பார்ப்பவர் கண்ணுக்குப் பச்சைப் பசேல் என்று இருக்கிறது. அந்தப் பச்சையில் பெரும்பகுதி வந்தேறிச் செடிகளின் பச்சை. பிரேசிலைச் சேர்ந்த அதே கொய்யா, நாற்றங்கால்போல நெருக்கமாக முளைத்து, தீவுக்கே உரிய மரங்களின் கன்றுகளுக்கு வெளிச்சமே விடுவதில்லை. விதைகளைப் பரப்புகின்றன, தென்கிழக்காசியாவிலிருந்து கப்பலேறி வந்த குரங்குகள். கன்றுகளைக் கடிக்கின்றன, 1639இல் டச்சுக்காரர் ஜாவாவிலிருந்து கொண்டுவந்த மான்கள். கருங்காலியை டச்சுக்காரர் வெட்டி ஏற்றுமதி செய்தார்கள். எஞ்சிய காட்டைக் கரும்பு தின்றது. நல்ல நிலையில் இருக்கிற இயற்கைக் காடு இன்று தீவின் பரப்பில் இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. வேலியிட்டு, களையெடுத்துக் காக்கிற சில திட்டுகளில்தான் பழைய காடு எப்படி இருந்திருக்கும் என்று காண முடிகிறது: மெலிந்த தண்டு, மேலே விரிந்த தலை, தரையெங்கும் கன்றுகள். வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பார்த்தால் வேறு வேறு நாடுகள்.

சாலைத் தடுப்பின்மேல் உட்கார்ந்திருந்த நாகணவாயைச் சுட்டி, அதுவும் உங்கள் ஊர்க்காரிதான் என்றார். வெட்டுக்கிளியை ஒழிக்க 1762இல் இந்தியாவிலிருந்து வந்தது. ஓர் உயிரைக் கொண்டு இன்னோர் உயிரைக் கட்டுப்படுத்திய தொடக்ககால முயற்சிகளில் ஒன்றாக அதைப் பூச்சியியல் நூல்கள் குறிக்கின்றன. எலியை ஒழிக்கக் கொண்டுவந்த கீரியோ கோழிகளையும் பறவைகளையும் தின்றது.

மனிதரே இல்லாத தீவில் மனிதரும் வந்தேறிகள்தாமே, கொய்யாவுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு என்று நான் கேட்டதும் அவர் வாகனத்தை ஓரம் கட்டி நிறுத்திவிட்டார். "இந்தக் கேள்வியை எல்லா எழுத்தாளர்களும் கேட்கிறார்கள். என் கட்டுரைகளில் நான் ஒருமுறைகூட எழுதாத ஒப்புமை இது. ஆட்களைக் களை என்றும் வெள்ளம் என்றும் கூட்டம் கூட்டமாக வந்து அப்புவது என்றும் பேசிய மொழி இங்கே ஏற்கெனவே இருந்தது; உன் தாத்தாவைப் பற்றியும் என் தாத்தாவைப் பற்றியும் அப்படித்தான் பேசினார்கள். கொய்யாவை நான் வெட்டுகிறேன். வெட்டுகிற கை எதன்மேல் படலாம், எதன்மேல் படக்கூடாது என்பது செடி நூலில் இல்லை" என்றார். கோபமாகச் சொன்னார் என்றாலும், அன்றைய பகலில் எனக்கு மிகவும் பயன்பட்ட பேச்சு அதுதான். மரத்துக்கும் மனிதருக்கும் ஒரே சட்டம் எழுதுகிற கட்டுரைகளை நம் பக்கத்திலும் நிறையப் படித்திருக்கிறேன். அவற்றில் எதிலும் இந்தத் தயக்கத்தைக் கண்டதில்லை.

காட்சி மேடையில் நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு குரங்கு என் தோள்பையிலிருந்து வடைப் பொட்டலத்தை உருவிக்கொண்டு போனது. பக்கத்தில் இருந்த குடும்பம், சிரித்து முடித்த பிறகு, தங்கள் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தது. வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் வடையை நசுக்கி வைத்த உணவு. இதைப் புதுச்சேரியில் யாரும் இதுவரை ஏன் செய்யவில்லை என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி – மொக்கா

மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேறியோர் ஆவணங்கள் பாதுகாக்கப்படுகின்றன. கூலியாக வந்த ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பெயர், ஊர், உயரம், உடலில் உள்ள தழும்பு ஆகியவை பதிவேட்டில் இருக்கின்றன. 1860களிலிருந்து புகைப்படமும் எடுத்தார்கள். கொள்ளுப்பாட்டனின் எண் தெரிந்த குடும்பங்கள் இங்கே வந்து பிரதி கேட்டு வாங்குகின்றன. நாவலாசிரியர் அம்மையாரும் வந்திருந்தார். அவர் எழுதிக்கொண்டிருக்கும் நாவலில் வரும் பெண்ணுக்குப் பதிவேட்டிலிருந்து ஒரு பெயர் எடுக்க வேண்டுமாம். பெயரைக் கேட்டு எழுதிக்கொண்ட எழுத்தரின் காது வழியே நம் பெயர்கள் உருமாறியிருப்பதைப் பார்த்துக்கொண்டே போனார்.

காத்திருந்த நேரத்தில் அவர் சொன்ன ஒரு செய்தி எனக்குப் புதிது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் வந்த தென்னிந்தியர் எல்லாரும் சுதந்திரமான கைவினைஞர்கள் அல்லர். இந்தியாவிலிருந்தும் அடிமைகள் கொண்டுவரப்பட்டார்கள். சுதந்திரமாக வாழ்ந்த இந்தியர் சிலர் தாமே அடிமைகளை வைத்திருந்தார்கள். அடிமை முறை ஒழிந்தது 1835 பிப்ரவரி 1இல். "முந்தி வந்தோம் என்று சொல்லும்போது இதையும் சேர்த்தே கொண்டாட வேண்டும் அல்லவா? ஐயாவிடம் சொன்னேன். மூன்று மாதம் என்னோடு பேசவில்லை" என்றார்.

உணவகத்தில் சோறும் கணவாய்க் குழம்பும் 220 ரூபாய். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது, எங்கள் மேசையைப் பகிர்ந்துகொண்ட முன்பின் அறியாத கட்டடத் தொழிலாளி, நல்ல பகல் பொழுது என்று வாழ்த்திவிட்டுப் போனார். இப்படி வாழ்த்தாமல் இங்கே எவரும் மேசையை விட்டு எழுவதில்லை.

ஆகஸ்ட் 9, சனி – மஹேபூர், இல் ஓ எக்ரெட்

தென்கிழக்குக் கரை. காற்று பலமாக வீசியதால் படகு அரை மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. உடன் வந்தவர் முப்பது வயதுக் கவிஞர். தமிழ் மீனவக் குடும்பம். க்ரியோலிலும் பிரெஞ்சிலும் எழுதுகிறார். என்னைத் 'தோன்தோன்' என்று மாமா முறை வைத்தே அழைத்தார்.

இல் ஓ எக்ரெட் 26 ஹெக்டேர் மட்டுமே உள்ள சிறு தீவு. 1965 முதல் காப்பிடம். கூரிய சுண்ணாம்புப் பாறைமேல் நடக்கும்போது என் செருப்பின் வார் அறுந்துபோனது. கவிஞர் தம் பையிலிருந்து மீன்வலை நூலை எடுத்துக் கட்டிக் கொடுத்தார். அந்தக் கட்டு இன்றுவரை பிரியவில்லை. இளஞ்சிவப்புப் புறா ஒன்று தலைக்குமேல் கிளையில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. 1990இல் காட்டில் பத்தளவே எஞ்சியிருந்த இனம் அது.

வியப்பு, ஆமைகளில் இருந்தது. மொரீஷியஸுக்கே உரிய பேராமைகள் இரண்டு வகை இருந்தன. மனிதர் தின்று தீர்த்துவிட்டார்கள். ஆமை போனதும் கருங்காலிப் பழத்தை விழுங்கி விதையைத் தொலைவில் கொண்டுபோய்ச் சேர்க்க யாருமில்லை; பழங்கள் தாய்மரத்தின் கீழேயே விழுந்து கிடந்தன. 2000ஆம் ஆண்டில் சீஷெல்ஸைச் சேர்ந்த அல்டாப்ரா ஆமைகளை இங்கே உலவ விட்டார்கள். அந்த அயலூர் ஆமைகள் பழத்தைத் தின்றன. அவற்றின் குடல் வழியே வந்த விதைகள் மேலும் நன்றாக முளைத்தன. தாய்மரத்திலிருந்து விலகிக் கன்றுகள் தோன்றின. முந்தி வந்தவர் வழக்கில் இந்த ஆமையை எந்த வரிசையில் நிறுத்துவது என்று ஐயாவிடம் கேட்க வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். வியாழக்கிழமை கேட்ட எச்சரிக்கை நினைவில் இருந்ததால், மனிதர் பக்கம் அதைத் திருப்பிப் பேசாமல் இருக்க முயன்றேன்; கவிஞரே திருப்பிவிட்டார். "கவிதையில் நான் இந்த ஆமையை என் பாட்டியாக எழுதியிருக்கிறேன், தோன்தோன். பாட்டி இதைப் படித்தால் அடிப்பாள்" என்றார்.

தீவிலிருந்து பார்த்தால், 2020 ஜூலை 25 அன்று வகாஷியோ என்ற சரக்குக் கப்பல் பவளத்திட்டில் மோதி நின்ற இடம் தெரிகிறது. ஆகஸ்ட் 6 முதல் ஏறத்தாழ ஆயிரம் டன் எண்ணெய் கடலில் கசிந்தது. ஊர் மக்கள் துணியைக் குழாய்போல் தைத்து, கரும்புச் சோகையை உள்ளே திணித்து, காலிப் புட்டிகளைக் கட்டி மிதக்கவிட்டுத் தடுப்பு அமைத்தார்கள். தலைமுடியைக்கூட வெட்டிக் கொடுத்தார்கள். கவிஞரின் வீட்டுக் கூடத்திலும் தையல் எந்திரம் இரவு பகலாக ஓடியிருக்கிறது. சாதி சமயம் பார்க்காமல் எல்லாரும் ஒன்றானோம் என்று அந்த நாள்களைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். "நானும் எழுதினேன். பொய்யில்லை, ஆனால் இரண்டு வாரத்துக்கு மட்டுமே உண்மை. நிவாரணம் என்ற பேச்சு வந்ததும், யார் மீனவர், யார் மீனவர் இல்லை என்று பட்டியல் வந்தது. வலை பின்னுகிற என் அம்மா எந்தப் பட்டியலிலும் இல்லை. அதை எழுதிய கவிதையை யாரும் மேடையில் படிக்கச் சொல்வதில்லை" என்றார். பிறகு தம் கைப்பேசியிலிருந்து அதைப் படித்தார். கசப்பே இல்லாமல், எத்தனை முழம் துணி, எத்தனை கட்டுச் சோகை என்று கணக்காகவே எழுதியிருந்தார். இந்தப் பயணத்தில் நான் கேட்ட படைப்புகளில் சிறந்தது அதுதான்.

பேச்சில் நேரம் போய்விட்டது. இங்கே மாலை ஆறரைக்குமேல் பேருந்தை நம்ப முடியாது என்பதை நிறுத்தத்தில் இருந்த காவலாளி சொல்லித்தான் அறிந்தோம். வாடகை வண்டிக்காரர் 1,500 ரூபாய் கேட்டார். அந்த வழியே வந்த காய்கறி வேன்காரர் ஒருவர் முட்டைக்கோசு மூட்டைகளை நகர்த்தி இடம் செய்து குர்பிப் வரை கொண்டுவந்து விட்டார். பணம் வாங்க மறுத்தவர், புதுச்சேரியில் முட்டைக்கோசு என்ன விலை என்பதை மட்டும் நான்கு முறை விசாரித்தார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு – காத்ர் போர்ன்

ஐயாவின் வீட்டில் விடைபெறப் போனேன். கோயில் மரங்களைப் பற்றி அவர் எழுதிய தமிழ்க் கட்டுரைகள் கணினியில் தொகுப்பாகக் கிடக்கின்றன: வேம்பு, வில்வம், அரசு ஆகியவை எந்தக் கோயிலுக்கு எப்படி வந்தன, யார் நட்டார்கள் என்று ஊர் ஊராக விசாரித்து எழுதியவை. ஆமைக் கதையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "ஆமைக்கு நோட்டில் இடம் கேட்க யாரும் இல்லை, அதனால் அது நிம்மதியாக இருக்கிறது" என்றார். புத்தகமாக அச்சிட நினைக்கும் அந்தத் தொகுப்பின் முன்னுரையில் தமிழரே முந்தி வந்தவர் என்ற வரி இருக்கிறது. அதை எடுக்கமாட்டேன் என்பதில் உறுதியாக இருக்கிறார். அடுத்த பத்தியில், தம் பாட்டன் கூலியாக வந்தவர் என்று எழுதச் சம்மதித்திருக்கிறார்.

தமிழில் மட்டும் அச்சிட்டால் இங்கே படிக்க ஆளில்லை, எதிர்ப்பக்கத்தில் க்ரியோல் மொழிபெயர்ப்பு வேண்டும் என்று ரோஸ் ஹில் அம்மையார் தொலைபேசியில் வாதாடி, மொழிபெயர்க்கும் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டார். நான் புதுச்சேரி அச்சகம் ஒன்றை அழைத்து விலை கேட்டேன். பக்கம் இருமடங்கானால் ஐயாவின் ஓய்வூதியத்துக்கு முந்நூறு பிரதி கட்டாது, இருநூறுக்கு இறங்கினோம். கப்பல் செலவை நான் விசாரித்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டேன். எந்த மொழி எந்தப் பக்கத்தில் என்ற பேச்சு கால் மணி நேரம் நடந்து முடிவில்லாமல் நின்றது.

இன்னொரு தடையும் இருக்கிறது. கோப்பு முழுவதும் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது. அச்சகத்துக் கணினியில் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றும் வேலையை ஐயாவின் பேத்தி ஏற்றுக்கொண்டாள். அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க மட்டுமே தெரியும். செப்டம்பர் இறுதிக்குள் முடித்து அனுப்புவதாகவும், அதுவரை தாத்தா ஒரு வரியைக்கூடத் திருத்தக் கூடாது என்றும் நிபந்தனை போட்டாள். ஐயா வாக்குக் கொடுத்தார். நான் தேநீர் குடித்து முடிப்பதற்குள் வில்வக் கட்டுரையில் ஒரு வரியைத் திருத்திக்கொண்டிருந்தார்.